பக்கம் இருநூற்றுப் பதினான்கு

ரிகாவில், பார்வையற்றோர் நூலகத்தின்
நிலவறையில் ஓர் அறை.
சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு.
ஒரு மேசை, ஓர் ஒலிவாங்கி,
வாய் உலர்ந்தால் கடிக்கப் பச்சை ஆப்பிள்.
பதினோரு வருடமாக இங்கே
மற்றவர்களின் பாவங்களை
நிறுத்தற்குறி பிசகாமல் வாசிக்கிறேன்.

இந்த மாதம் மில்டா.
மீன் புகையூட்டும் கிடங்கில் கணக்கெழுதுபவள்.
முப்பத்தெட்டு வயதில்
எவன் தயவும் வேண்டாமென்று
ஒரு பிள்ளை பெற்றுக்கொள்கிறாள்.
அதுவரை சரி.
ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் பெயர் கேட்டபோது
கடலோடு போன ஒரு மாலுமியின் பெயரைச் சொல்கிறாள்.
செத்தவன் வந்து மறுக்கப் போவதில்லை.
பன்னிரண்டு வருடம்
ஒவ்வொரு நவம்பரிலும் பையன்
யாரோ ஒருவனுக்காகக் கரையில் மெழுகுவத்தி ஏற்றுகிறான்.
அவள் பக்கத்தில் குந்தி
சுடர் அணையாமல்
உள்ளங்கையைக் குவித்துப் பிடிக்கிறாள்.

அதுதான் பக்கம் இருநூற்றுப் பதினான்கு.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது.
எழுதியவர் வால்ட்ஸ், பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்,
எங்கள் நூலகத்தின் கறாரான காது.
"மதிப்பிற்குரிய விஸ்மா,
அந்தப் பக்கத்தை மன்னிப்போடு வாசித்திருக்கிறீர்கள்.
மன்னிப்பதா இல்லையா என்பது என் வேலை.
உங்கள் வேலை வாசிப்பது."
ஒலிப்பதிவாளன் ஓயார்ஸ் அதை இரண்டு முறை படித்துக் காட்டினான்.
இரண்டாவது முறை அவன் சிரிக்கவில்லை.

போன மாதம் இதே வாசகர்கள்
மாமனாருக்கு நஞ்சு வைத்த மருந்துக்கடைக்காரனை
"பாவம், சூழ்நிலை" என்றார்கள்.
மில்டாவை மட்டும்
சுயநலக்காரி.

மார்ச் மாதம் மருத்துவமனையில்
என் முன்னால் நான்கு எண்களை வைத்தார்கள்.
ஒருவன் நீச்சல்காரன்.
ஒருவனுக்குப் பூனை ஒத்துக்கொள்ளாது.
நான் எடுத்தது மூன்றாமவனை.
"இடது கைப் பழக்கம்" என்பதற்கு மேல்
அவனைப் பற்றி ஒன்றும் இல்லை.
ஏன் என்றால் சொல்லத் தெரியாது.
இதை ஒரு நாவலில் படித்திருந்தால்
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பேன்:
நம்பும்படி இல்லை.

தங்கை ஸெல்மா சொன்னாள்,
"முதலில் ஒரு நாய் வளர்த்துப் பார்த்திருக்கலாம்."
ஒரு மாதம் பேசவில்லை.
பிறகு தபாலில் நான்கு ஜோடிக் காலுறை,
ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நீளம்.
கடிதம் எதுவும் கூட இல்லை.

தகப்பன் பெயர் என்ற கட்டத்தில்
கோடு போட்டால் போதுமாம்.
மில்டாவைவிட நான் நேர்மையானவள் என்று
ஒரு வாரம் கர்வமாக நடந்தேன்.
அப்புறம் ஒரு ராத்திரி தோன்றியது:
செத்த மாலுமிக்காவது மெழுகுவத்தி ஏற்றலாம்.
கோட்டுக்கு
எதை ஏற்றுவது?

இன்று மறுபதிவு.
ஆறாம் மாதம்.
ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மூச்சு வேண்டியிருக்கிறது.
வால்ட்ஸ் கேட்டபடியே குரலைத் தட்டையாக்கினேன்,
ரயில் நேரம் அறிவிப்பவள் மாதிரி.
"அவள் சுடரைக் கையால் மறைத்தாள்."
முற்றுப்புள்ளி.
கண்ணாடிக்கு அப்பால் ஓயார்ஸ் உதட்டைப் பிதுக்கினான்.
"இப்போது அவளைத் தண்டிக்கிறாய்."

மறுபடி.
மறுபடி.
ஏழாவது முறை, "கையால்" என்ற சொல்லில்
உள்ளிருந்து ஓர் உதை.
குரல் ஒரு நூலளவு இடறியது.
திரையில் அதைப் பெரிதாக்கிக் காட்டினான்:
அலைக்கோட்டில் சின்னதாய் ஒரு மேடு.
"வெட்டிவிடவா?
இது என்ன என்று வால்ட்ஸ் எழுதிக் கேட்பார்."
கேட்கட்டும் என்றேன்.
ஆப்பிளைக் கடித்தேன்.

அடுத்த பக்கத்தில்
பையன் வீட்டுப் படியில் நின்று
அம்மாவிடம் ஒன்று கேட்கிறான்.
அந்தப் பக்கத்தைப் பற்றிப் புகார் ஏதும் வரவில்லை.
இருந்தும் மாலை டிராமில்,
உதடு அசையாமல்,
பையனின் வரியைச் சொல்லிப் பார்த்தேன்.
அம்மாவின் வரி வருவதற்குள்
என் நிறுத்தம் வந்துவிட்டது.